மனம் உடைந்த நாட்களில் கர்த்தருடைய சமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, வாசல் பக்கம் ஒதுங்கி நின்று, தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள் இவை. சாட்சி சொல்லும் நேரத்தில் இவற்றை யாரும் கேட்பதில்லை. பதில்களைப் பெரும்பாலும் வேதத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். எந்தப் பகுதி என்பதையும் சொல்லியிருக்கிறேன், நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

விசுவாசியாக இருந்துகொண்டு இப்படி நொந்துபோவது தப்பில்லையா?

தப்பில்லை. வேதத்தில் "எனக்குச் சாவு வந்தால் தேவலை" என்கிற நிலைக்கு வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஜனங்களின் பாரம் தாங்காமல், என்னைக் கொன்றுவிடும் என்று மோசே கேட்டார் (எண்ணாகமம் 11). யோபு, தான் பிறந்த நாளையே சபித்தார். எரேமியாவும் அப்படியே. எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டார். பவுல் ஆசியாவில் பட்ட பாட்டைச் சொல்லும்போது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று கொரிந்து சபைக்கு எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:8). சபைக்குப் போகும் கடிதத்தில் ஓர் ஊழியர் இப்படி எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு எழுதியிருந்தால் நாலு பேர் கூப்பிட்டு, "பாஸ்டர், இதையெல்லாம் வெளியே சொல்லாதீங்க" என்றிருப்பார்கள்.

இவர்கள் யாரும் விசுவாசத்தை விட்டு விலகிப்போன பின்மாற்றக்காரர்கள் இல்லை. எலியா அப்படி உட்கார்ந்தது கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட கொஞ்ச நாளில். பெரிய அற்புதத்தைப் பார்த்த கண்ணே அடுத்த வாரம் இருட்டைப் பார்க்கலாம்.

எலியாவைச் சொன்னீர்கள். அவருக்குக் கடவுள் என்னதான் செய்தார்?

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தால், நாம் எதிர்பார்க்கும் எதுவும் அதில் முதலில் நடக்காது.

ராணி யேசபேல், "நாளைக்குள் உன்னைக் கொல்கிறேன்" என்று ஆள் அனுப்புகிறாள். எலியா யூதாவின் தென்கோடியான பெயெர்செபா வரை ஓடுகிறார். அங்கே வேலைக்காரனையும் விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் போகிறார். "போதும் கர்த்தாவே" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். கூட இருந்த ஒரே ஆளையும் விலக்கியது, சாவைக் கேட்டது, தூக்கம். இந்த வரிசை பலருக்கும் பழக்கமானதுதான்.

அடுத்து தூதன் வருகிறான். பிரசங்கம் செய்யவில்லை. "கர்மேலில் அவ்வளவு பார்த்தாயே, இன்னுமா சந்தேகம்?" என்று குத்திக்காட்டவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாம் முறை தொட்டு எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான்.

அந்தப் பெலத்தில் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் கர்த்தர் பேச்சையே தொடங்குகிறார். அதுவும் ஒரு கேள்வியோடு: எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்? காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துபோகின்றன. கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். மறுபடியும் அதே கேள்வி. வேடிக்கை என்னவென்றால், எலியா இரண்டு முறையும் ஏறக்குறைய வார்த்தை மாறாமல் அதே புலம்பலைத்தான் சொல்கிறார். மெல்லிய சத்தத்தைக் கேட்டவுடனே மனம் தெளிந்துவிடவில்லை. கர்த்தர் இரண்டு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்.

"நான் ஒருவன் மட்டும்தான் மீதி" என்பது அவருடைய புலம்பல். ஆனால் முந்தின அதிகாரத்திலேயே அரண்மனை அதிகாரி ஒபதியா, 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் (குகைகளில்) ஒளித்து வைத்துக் காப்பாற்றியதை அவரிடம் சொல்லியிருக்கிறான். தெரிந்த விஷயம்தான், மனச்சோர்வில் அது நினைவுக்கு வரவில்லை. கர்த்தர் அதற்காக அவரைப் பொய்யன் என்று சொல்லவில்லை. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, எலிசா என்ற துணையாளையும் காட்டுகிறார். பெயெர்செபாவில் ஆளை விட்டுவிட்டு வந்தவருக்கு, திரும்பிப் போகும் வழியில் கூட நடக்க ஓர் ஆள்.

தேவ சமுகம் என்றதும் நமக்கு உபவாச ஜெபமும் கண்ணீர் ஆராதனையும் நினைவுக்கு வருகின்றன. எலியாவிடம் அது முதலில் அடையாகவும், தண்ணீராகவும், தூக்கமாகவும் வந்தது. கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

தேவன் கூடவே இருக்கிறார் என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே?

தெரியாமல் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. யாக்கோபு வீட்டைவிட்டு ஓடிவந்த இரவில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, எழுந்த பிறகுதான் கர்த்தர் இந்த இடத்தில் இருக்கிறார், எனக்குத் தெரியாமல் போயிற்று என்றான் (ஆதியாகமம் 28). எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்கள், உயிர்த்த இயேசுவே பக்கத்தில் நடந்து வரும்போது, அவர் செத்துப்போனதைப் பற்றி அவரிடமே துக்கப்பட்டுக்கொண்டு போனார்கள் (லூக்கா 24). அந்த வழி முழுக்க, கூட வருவது அவர்தான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருதயம் கொழுந்துவிட்டு எரிந்ததைக்கூட பிறகுதான் பேசிக்கொண்டார்கள்.

சங்கீதம் 88-ஐ வாசித்திருக்கிறீர்களா? எஸ்ராகியனாகிய ஏமான் பாடியது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது நம்பிக்கை எட்டிப் பார்க்கும். இதில் அது இல்லை. தோழர்கள் விலகிப்போனார்கள் என்ற இருட்டோடு முடிந்துவிடுகிறது. அதை யாரும் நீக்கவில்லை, கடைசியில் ஓர் அல்லேலூயாவைச் சேர்த்து ஒட்டவும் இல்லை. ஒன்றும் தெரியாத இரவிலும் ஏமான் கர்த்தரிடம்தான் பேசுகிறார். எனக்கு அந்தச் சங்கீதத்தில் பிடித்தது அதுதான்.

பிற்காலத்திலும் இப்படி உண்டு. கொல்கத்தாவின் அன்னை தெரசா 1997-இல் இறந்தார். 2007-இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது உலகமே திகைத்தது. சேரிகளில் வேலை தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், தேவன் அருகில் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை என்று தம் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். வெளியே சிரித்த முகம், உள்ளே வறட்சி. சிலர் அதைப் பாசாங்கு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்வு வராத நாளிலும் காலையில் எழுந்து சாகக் கிடப்பவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவரை வேறு என்னவென்று சொல்வது?

கடவுள்மேல் கோபம் வருகிறது. அவரிடம் அதைச் சொன்னால் பாவமா?

சொல்லுங்கள். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல் வகை என்பது வேத அறிஞர்கள் சொல்லும் கணக்கு. சங்கீதம் 13-இல் மொத்தம் 6 வசனங்கள்தான். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறார். கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்? இது ஆராதனையில் பாட எழுதப்பட்ட பாட்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

எரேமியா 20-இல் 13-ஆம் வசனம் துதி. கர்த்தரைப் பாடுங்கள் என்கிறது. அடுத்த வசனம், நான் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக. நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை. நமக்கும் ஞாயிறு காலையும் ஞாயிறு ராத்திரியும் அப்படித்தானே இருக்கிறது.

அன்னாளை எடுத்துக்கொள்ளுங்கள் (1 சாமுவேல் 1). பிள்ளை இல்லாத துக்கம், வருஷா வருஷம் கணவனின் இன்னொரு மனைவி பெனின்னாளின் குத்தல். சாப்பிடாமல் சீலோவின் ஆலயத்தில் அழுதாள். உதடு மட்டும் அசைந்ததைப் பார்த்து, இவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிட்டான். (ஊழியக்காரர்கள் துக்கத்தைத் தப்பாகப் படிப்பது பழைய வழக்கம்தான்.) அவள், நான் குடிக்கவில்லை, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்றாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பிறகு பிறந்த மகன் சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. பெலன் வந்தது பிள்ளை கிடைத்ததால் அல்ல, ஊற்றிவிட்டதால்.

பெரிய வெள்ளிக்கிழமை ஏழு வார்த்தைகள் தியானத்தில் நாலாவது வார்த்தைக்கு வரும்போது நம் கோவில்களில் ஒரு கனம் இறங்கும். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இயேசு சிலுவையில் சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவரே கேட்ட கேள்வியை நீங்கள் கேட்டால் அவர் முகம் சுளிப்பாரா?

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை.

வர வேண்டியதில்லை. என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது, வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. பெருமூச்சு போதும்.

சொந்த வார்த்தை இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். பர்த்திமேயு என்ற குருடன் கத்தியது ஒரே வரிதான்: இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும் (மாற்கு 10). பஸ்ஸில் உட்கார்ந்தும் சொல்லலாம், பாத்திரம் தேய்த்துக்கொண்டும் சொல்லலாம். அதுவும் முடியவில்லையா? மாற்கு 2-இல் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலு பேர் கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள், இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது. சில மாதங்கள் கட்டிலில் கிடந்து மற்றவர் விசுவாசத்தில் சுமக்கப்படுவதும் கிறிஸ்தவ வாழ்க்கைதான்.

"ஏதோ பாவம் இருக்கும்", "விசுவாசம் பத்தவில்லை", "சாபம்" என்கிறார்களே?

இதைச் சொன்ன முதல் கூட்டம் யோபுவின் நண்பர்கள். கடைசியில் கர்த்தர், நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொண்டது அவர்களைத்தான், கத்திப் புலம்பிய யோபுவை அல்ல (யோபு 42:7).

இயேசுவிடமும் கேட்டார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்றும் சொன்னார் (லூக்கா 13). 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, சுனாமி வேளாங்கண்ணிக் கரையில் யாத்திரிகர்களையும் அடித்துக்கொண்டு போனது. அப்போதும் "ஏன் அவர்கள்" என்பதற்குச் சிலர் தயாராகப் பதில் வைத்திருந்தார்கள். லூக்கா 13-ஐ வாசித்தவர்கள் அந்தப் பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையிலேயே செய்த தவறு ஒன்று உறுத்துகிறது என்றால் அறிக்கையிடுங்கள், மன்னிப்பு உண்டு, அதோடு முடிந்தது. ஆனால் துக்கத்துக்குக் காரணம் தேடி நெஞ்சைக் கிளறிக் கிளறி இல்லாத பாவத்தைக் கண்டுபிடிப்பது வேறு. அதைச் செய்யச் சொல்பவரிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியிருங்கள்.

"ஸ்தோத்திரம் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்" என்பது?

நீதிமொழிகள் 25:20-ஐ யாரும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதில்லை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்கிறது அது. பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாடினார்கள், வாஸ்தவம். யாரும் வெளியே நின்று அவர்களைப் பாடச் சொல்லவில்லை. செத்துப்போன லாசருவை எழுப்பப்போவது தெரிந்தே இயேசு அவன் சகோதரி மரியாளோடு சேர்ந்து அழுதார்.

துதி உங்களுக்குள்ளிருந்து வரும் நாளில் பாடுங்கள். வராத நாளில் சங்கீதம் 42-இல் இருப்பதைப் போல உங்கள் ஆத்துமாவிடமே பேசுங்கள்: என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்கித் தியங்குகிறாய்?

டாக்டரிடம் போனால், மாத்திரை சாப்பிட்டால், விசுவாசம் இல்லை என்று ஆகாதா?

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடும்போது இந்தக் கேள்வி வருவதில்லை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக்கொடுத்த அதே அதிகாரத்தில், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா (ஏசாயா 38). பவுலோடு பயணம் போன லூக்கா வைத்தியர்.

தூக்கம், பசி, எதிலும் ஆர்வம் இல்லாமை, காரணமில்லாத அழுகை, அல்லது அழுகையே வராத மரத்துப்போன நிலை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். குடும்ப டாக்டரிலிருந்தே தொடங்கலாம். மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நல்லாகிவிட்டது, இனி ஜெபம் போதும் என்று நீங்களாக நிறுத்துவதும் கூடாது. "மாத்திரையைத் தூக்கிப் போடு" என்று மேடையிலிருந்து சொல்கிறவர், நாளைக்கு உங்கள் வீட்டில் வந்து உட்காரப் போவதில்லை.

திருச்சபை இந்த வேலையிலிருந்து ஒதுங்கி நின்றதும் இல்லை. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் பாகாயத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்குவது அங்கே சிகிச்சையின் ஒரு பாகம். தனியாகப் போய்ப் படுத்த எலியாவுக்கு ஆள் துணை கொடுத்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இதை யாரிடம் சொல்வது?

இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர், நண்பர், போதகர், யாராக இருந்தாலும் சரி. "எனக்குச் சாகத் தோன்றுகிறது, கொஞ்ச நேரம் கூட இரு" என்று நேரடியாகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்தால் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம். இந்தியாவில் ஒன்றிய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். இலங்கையில் 1926. வீட்டில் பூச்சிமருந்தோ நிறைய மாத்திரைகளோ இருந்தால் வேறொருவரிடம் கொடுத்து வீட்டைவிட்டு வெளியே வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்புகிறது.

சட்டத்துக்குப் பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரை, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை.

சாவைக் கேட்ட எலியாவைக் கர்த்தர் திட்டவில்லை. கேட்டதைக் கொடுக்கவும் இல்லை, சாப்பாடு கொடுத்தார். பிலிப்பியில் பூமி அதிர்ந்து சிறைக் கதவெல்லாம் திறந்துகொண்டதும், கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, காவல்காரன் பட்டயத்தை உருவித் தன்னைக் கொல்லப் போனான். இருட்டுக்குள்ளிருந்து பவுல் சத்தமிட்டார்: நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் (அப்போஸ்தலர் 16). அதற்குப் பிறகுதான் அவன் இரட்சிப்பைப் பற்றிக் கேட்டான். முதலில் உயிர், "இங்கேதான் இருக்கிறோம்" என்ற சத்தம்.

கோவிலுக்குப் போகவே பிடிக்கவில்லை.

கொஞ்ச நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். யாரிடமும் "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதுவும் முடியாவிட்டால் ஒருவரை மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்க உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

பக்கத்தில் இருக்கிற நாங்கள் என்ன செய்யலாம்?

யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. வந்ததும் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு வாயைத் திறந்தார்கள், கெட்டது.

பவுல் மக்கெதோனியாவில் வெளியே போராட்டம், உள்ளே பயம் என்று தவித்தபோது, தேவன் தமக்கு ஆறுதல் செய்த விதத்தைச் சொல்கிறார்: தீத்து வந்ததினாலே (2 கொரிந்தியர் 7:6). தரிசனம் இல்லை, தூதன் இல்லை. பயணக் களைப்போடு ஒரு மனிதன் வாசலில் வந்து நின்றான், அதுவே தேவன் கொடுத்த ஆறுதல் என்கிறார். கடைசிச் சிறையில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவர் கேட்பது என்ன? துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், தோற்சுருள்கள், அப்புறம் மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு. கெத்செமனேயில் இயேசுவும், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று பேரிடம் கேட்டது, என்னோடு விழித்திருங்கள் என்பது மட்டுமே. அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நமக்குத் தெரிகிறது. வேலை போனவர், கல்யாணம் முறிந்தவர், கரு கலைந்த பெண், மனநோயில் இருக்கும் பிள்ளையை வைத்திருக்கும் தாய், இவர்கள் வீட்டுக்கு யாரும் தூக்குவாளி எடுத்துப் போவதில்லை. போகலாம். வசனம் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று விட்டுவராமல், "செவ்வாய்க்கிழமை நான் பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவரேன்" என்று குறிப்பாகச் சொல்வது உதவும். நொந்துபோனவருக்கு எது வேண்டும் என்று யோசிக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஒரு தடவை போய்விட்டு நின்றுவிடவும் வேண்டாம். தூதனே இரண்டு தரம் வந்தான்.

வருஷக்கணக்காக ஜெபித்தும் மாறவில்லை. இதற்கு என்ன சொல்வீர்கள்?

மாறிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும் என்ற பதில்தான் கிடைத்தது. அந்த முள் என்ன என்று அவர் சொல்லவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரை அறியாதவர்கள் குறைவு. அயர்லாந்திலிருந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், கோவில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்படவிருந்த பெண் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்த ஊர். 1931-இல் இருட்டில் ஒரு குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அந்த அறைதான். வலி இருந்தது, தூக்கம் இல்லாத இரவுகள் இருந்தன. சுகத்துக்காக ஜெபித்தவர்களும் ஏராளம். கட்டிலிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மை" என்ற எழுத்து. அவர் முன்பு செய்ததைவிடக் கட்டிலில் செய்தது பெரிது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி அளக்க மாட்டேன். அவர் நடக்க முடிந்திருந்தால் நடந்திருப்பார்.

லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனுக்கு 1856 அக்டோபரில் 22 வயது. சர்ரே கார்டன்ஸ் மண்டபத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து அவர் முழுவதும் மீளவே இல்லை. வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு வந்து வந்து போயிற்று. அவர் செய்த நல்ல காரியம், அதை மறைக்காமல் ஊழியத்துக்குப் படிக்கும் மாணவர்களிடமே வெளிப்படையாகப் பேசியது. நம் வேதாகமக் கல்லூரிகளில் அப்படி ஒரு வகுப்பு நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

புலம்பல் புஸ்தகத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்ற வசனத்தைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அது இருப்பது எருசலேம் எரிந்து சாம்பலான பிறகு எழுதிய புஸ்தகத்தின் நடுவில், 3-ஆம் அதிகாரத்தில். அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை தொடர்கிறது, எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்ற கேள்வியில் புஸ்தகம் முடிகிறது. நம்பிக்கை வசனத்தைச் சொன்னவன் மறுபடி அழக்கூடாது என்று யாரும் அங்கே தடுக்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராதபோது எதை வாசிக்கலாம்?

நீளமாக வேண்டாம். சங்கீதம் 13 ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். 42-ஐயும் 43-ஐயும் சேர்த்து வாசியுங்கள், ஒரே பல்லவி இரண்டிலும் வருகிறது. தூங்கவிடாமல் என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர் என்று ஆசாப் கர்த்தரையே குறைசொல்வது 77-இல். 23-ஐ மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்கள், 4-ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். முதல் மூன்று வசனத்தில் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் அவரோடேயே பேசத் தொடங்கிவிடுகிறார்: தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.

கண் எரிந்தால் போனில் ஆடியோ வேதாகமத்தைப் போட்டுவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ராத்திரி சாப்பிடாமல் படுத்திருந்தால் முதலில் எழுந்து ஏதாவது சாப்பிடுங்கள்.